அத்தியாயம் ஒன்பது: அழித்துவிட்டு நிறுவு

போன வாரம் இளையவளை, அவள் கணவனின் அண்ணனான மூத்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் கையிலேயே நிற்க, விட்டுவிட்டு வந்தோம்.

"அந்த ஆமைக்கு நீலம் எடுபடலைம்மா" என்று மூத்தவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

தான் வரைந்துகொண்டிருந்த அந்த ஆமையை அவள் யாருக்கும் காட்டியிருக்கவில்லை. கட்டின கணவனுக்குக்கூட. அவளுக்கும் அவளுடைய லேப்டாப்புக்கும் மட்டுமே தெரிந்த ஆமை அது.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை மூடி, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் செருகிவைத்தாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

இன்றைக்குத் திறந்தே ஆக வேண்டும். குழந்தைகள் மருத்துவமனைக்கு வழிகாட்டிப் பலகைகள் வரைந்து தர வாய்ப்புக் கேட்டிருந்தாள். சுவர் ஓரமாக ஒரு மிருகம் நடந்துகொண்டே போகும். அதன் பின்னால் போனால் குழந்தை தானாகவே போக வேண்டிய அறைக்குப் போய்விடும். எக்ஸ்ரே அறைக்கு ஆமை. "மாதிரியை இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள அனுப்பிடுங்க" என்று மருத்துவமனை அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அச்சகத்துக்கு இன்று வார விடுமுறை. கணவன் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, எது எங்கே இருந்தது என்று மறந்துபோய் உட்கார்ந்திருந்தான். அண்ணனுடைய அச்சகத்தில் பெரிய மெஷினை ஓட்டுகிறவன். அந்த மெஷின் இருமினால் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். வீட்டுக் குழாய் மட்டும் அவன் பேச்சைக் கேட்காது.

"நான் லைப்ரரி வரைக்கும் போயிட்டு வரேன்" என்றாள்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சுபோகுமே? அதுல எதையும் மாத்தணும்னா பாஸ்வேர்டு அவர்கிட்டதானே இருக்கு."

"என் லேப்டாப். கல்யாணத்துக்கு முன்னாடியே என் சம்பளத்துல வாங்கினது. அச்சகத்து வேலை நடக்கிற மெஷின், பத்திரமா இருக்கணும்னு சொல்லி அவர் பூட்டு போட்டார். நான் அச்சகத்தை விட்டு வந்தாச்சு. பூட்டு மட்டும் இன்னும் தொங்குது."

"பூட்டு வேற, நீ சொல்ற விஷயம் வேற. அண்ணன் உட்கார்ந்து உன் ஸ்கிரீனைப் பார்க்கிறார்னு சொல்றது கொஞ்சம் அதிகம். வாய் தவறி ஏதோ சொல்லியிருப்பார்."

"வாய் தவறினா ஆமைன்னு வருமா? நாய், பூனைன்னு வரக் கூடாதா?"

அவன் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். பதில் அங்கே இல்லை.

*

லைப்ரரியில் அவளுடைய நாத்தனார், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவனின் தங்கை. பிறந்த வீட்டில் எல்லாருக்கும் செல்லம். பெரிய அண்ணனுக்கு மட்டும் வாயாடி.

"அண்ணி, விஷயத்தை ஃபோன்ல சொல்லாம நேர்ல வந்தீங்களே, அதுவே பெரிய புத்திசாலித்தனம்" என்று மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போனாள். "இங்க இருக்கிறது எதுவும் விண்டோஸ் இல்லை, எல்லாமே லினக்ஸ்தான். உங்க லேப்டாப்புலயும் இதைப் போட்டா பெரிய அண்ணன் பூட்டு செல்லாது. நான் இதுல வேலை செய்வேன். ஆனா புதுசா போட்டதில்லை. போடறவர் வந்து போட்டுட்டுப் போயிடுவார். அதனால நாம ரெண்டு பேரும் சேர்ந்தே முழிக்கலாம்."

"இலவசம்தானே இது? உன் சின்ன அண்ணன், இலவசமா வர்றது எதுவும் உருப்படாதுன்னு சொல்வார்."

"இலவசம்னு சொல்லாதீங்க. கட்டற்ற மென்பொருள்னு சொல்லுங்க. காசு கேட்க மாட்டாங்கங்கிறது சின்ன விஷயம். உள்ள என்ன இருக்குன்னு யார் வேணும்னாலும் பிரிச்சுப் பார்க்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். ஒளிச்சு வைக்க இடமே கிடையாது. அதுதான் பெரிய விஷயம்."

'கட்டற்ற' என்ற சொல்லை இளையவள் வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நன்றாக இருந்தது.

ஆனால் லினக்ஸ் என்று தேடியதும் வந்து விழுந்த பட்டியலைப் பார்த்து மலைத்துப்போனாள். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் மற்றதைவிடத் தன்னுடையதே உசத்தி என்று சண்டை.

"என்ன இது, மாப்பிள்ளை தேடற மாதிரி இருக்கு?"

"அதே மாதிரிதான். அழகைப் பார்க்காதீங்க, நமக்கு ஒத்துவருமான்னு பாருங்க. உங்களுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவள் யோசித்தாள். "என் லேப்டாப் பழசு. பேட்டரி செத்துப்போச்சு, வயரைப் பிடுங்கினா உடனே அணைஞ்சிடும். அதைப் போட்டு மூச்சுத் திணற வைக்கக் கூடாது. நான் இதுவரைக்கும் பழகினதை அப்படியே தலைகீழா மாத்தக் கூடாது. படம் வரையணும். மாட்டிக்கிட்டா கேட்கறதுக்கு நாலு பேர் இருக்கணும்."

"அப்போ மின்ட். அதுலயே ரொம்ப கனமில்லாத ஒரு வகை இருக்கு. ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைத்தான் முக்கால்வாசிப் பேர் சொல்றாங்க. படம் வரைய இங்க்ஸ்கேப்."

"தமிழ்ல வருமா?"

"வரும்."

"சரி, இதையே முடிச்சுடலாம்."

பெரிய கோப்பு அது. நத்தை மாதிரி இறங்கியது. நாத்தனார் அதற்குள் இரண்டு பெரியவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்து, ஒருவரோடு தாமதக் கட்டணத்துக்காக வாதாடி ஜெயித்துவிட்டு வந்தாள்.

இறங்கி முடிந்ததும் இளையவள் நாத்தனாரின் பென்டிரைவைச் சொருகப் போனாள். நாத்தனார் தடுத்தாள்.

"இருங்க. இதுக்கு ஒரு சரிபார்ப்பு இருக்கு. தளத்துல ஒரு நீளமான எண் போட்டிருக்காங்க பாருங்க, எழுத்தும் எண்ணுமா கலந்து? நம்ம கோப்பைக் கணக்குப் போட்டா அதே எண் வரணும். வரலைன்னா வழியில யாரோ கை வெச்சிருக்காங்க, இல்லை பாதியில கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். நிறைய பேர் இதைப் பார்க்கவே மாட்டாங்க."

"நான் பார்ப்பேன்" என்றாள் இளையவள்.

இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தாள். பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். கடைசி எழுத்து வரை ஒத்துப்போனபோது, பல நாளாகத் தோளில் உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போன மாதிரி இருந்தது.

பிறகு, வெறுமனே நகல் எடுத்தால் போதாது, கம்ப்யூட்டர் அதிலிருந்தே கிளம்புகிற மாதிரி எழுத வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதற்கென்று இருக்கிற நிரலை வைத்துப் பென்டிரைவில் எழுதினார்கள். 'இதிலுள்ள அனைத்தும் அழியும்' என்று அது எச்சரித்தது.

"பழைய சமையல் வீடியோதான், போகட்டும்" என்றாள் நாத்தனார். "அண்ணி, ஒரு விஷயம். பெரிய அண்ணன் வந்து கத்தினா என் பேரையும் தாராளமா சேர்த்துக்கங்க. இந்த மாதிரி ஒரு காரியத்துல என் பேர் இல்லாம போனா எனக்குத்தான் அவமானம்."

*

வீட்டில் குழாய் இன்னும் கழன்றுதான் கிடந்தது. வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தான்.

இளையவள் போர்வைகளுக்கு அடியிலிருந்து லேப்டாப்பை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வயரைச் சொருகினாள். பென்டிரைவைச் சொருகினாள். உயிர் கொடுத்தாள்.

அச்சகத்தின் சின்னம் திரை முழுக்க வந்தது. கீழே பாஸ்வேர்டு கேட்கிற கட்டம்.

"ச்சே."

அணைத்தாள். மறுபடி போட்டாள். இந்தத் தடவை மேல் வரிசைப் பொத்தான் ஒன்றை விடாமல் தட்டினாள். அதே சின்னம். வேறு பொத்தான். அதே சின்னம். ஒவ்வொரு தடவையும் மூத்தவரே வாசலில் வந்து நின்று, எங்கே கிளம்பிட்டே என்று கேட்கிற மாதிரி இருந்தது.

கணவன் கையைத் துடைத்தபடி பின்னால் வந்து நின்றான். "விட்டுடேன். எதாவது ஆகிடப் போகுது."

"ஆகட்டும்."

கடைசியில் ஃபோனில் லேப்டாப்பின் மாடலைப் போட்டுத் தேடி, சரியான பொத்தானைக் கண்டுபிடித்தாள். தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், எதிலிருந்து கிளம்பட்டும் என்று ஒரு கேள்வி. பென்டிரைவைக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு, அவள் இதுவரை பார்த்திராத ஒரு முகப்பு அமைதியாக வந்து நின்றது.

யாரும் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

"இப்போ என்ன, எல்லாம் போயிடுச்சா?" என்றான் கணவன்.

"ஒண்ணுமே போகலை. இது பென்டிரைவிலேர்ந்தே ஓடுது. போடறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கலைன்னா பிடுங்கிட்டுப் போயிடலாம்."

ஒலி வந்தது. திரை சரியாக இருந்தது. வைஃபை மட்டும் எவ்வளவு தேடினாலும் வரவில்லை. உள்ளே இருந்த வைஃபை அட்டைக்குத் தனியாக ஒரு நிரல் வேண்டுமாம். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும்.

"நல்லா இருக்கு நியாயம்" என்று சிரித்துவிட்டு, ஃபோனைக் கேபிளில் மாட்டி, ஃபோனின் இணையத்தை லேப்டாப்புக்குத் திருப்பிவிட்டாள். வேலை செய்தது. அந்த நிமிஷம் தன்னையே ஒரு தட்டு தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

அடுத்து, பழைய டிஸ்க்கைத் திறந்தாள்.

திறந்துகொண்டது. மூத்தவரின் பாஸ்வேர்டு வாசலில் உட்கார்ந்திருக்க, அவள் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய் நின்றாள். அவளுடைய படங்கள் அத்தனையும் இருந்தன. ஆமை. ஒட்டகச்சிவிங்கி. பாதியில் விட்ட முயல். அவற்றைத் தன்னுடைய வெளி டிஸ்க்கில் நகலெடுத்தாள். அச்சகத்துக்காக அவள் செய்து கொடுத்த வேலைகள் ஒரு தனி ஃபோல்டரில் இருந்தன. அவற்றை இன்னொரு பென்டிரைவில் போட்டு, ஒரு சின்ன உறைக்குள் வைத்தாள்.

"அது எதுக்கு?" என்றான் கணவன்.

"அவரோடது அவருக்கு. நான் யாரோட பொருளையும் அழிக்கலை."

அப்போதுதான் அவனுடைய ஃபோன் அடித்தது. கையெல்லாம் குழாய்த் துரு. மேசை மேல் இருந்தபடியே விரல் நுனியால் தட்டி, ஒலிபெருக்கியில் போட்டான்.

மூத்தவர்.

"என்னடா, வீட்லதான் இருக்கியா?"

"ஆமாண்ணா. குழாய் ரிப்பேர்."

"அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கா. ஏன்?"

"இல்லை, அன்னியிலேர்ந்து கம்ப்யூட்டர் ஆஃப்லயே இருக்கு. இன்னிக்கு இப்பதான் நாலஞ்சு தடவை பட்டு பட்டுன்னு வந்து வந்து போச்சு. அதான் மெஷின் கெட்டுப்போச்சோன்னு கேட்டேன்."

சமையலறையில் வாளிக்குள் ஒரு சொட்டு விழுந்தது.

கணவன் ஃபோனைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"அண்ணா" என்றான் மெதுவாக. "உங்க வீட்ல உட்கார்ந்துக்கிட்டு, எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் வந்து வந்து போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இரு, நேர்ல வரேன்" என்று ஃபோன் அணைந்தது.

கணவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் கோபம்கூட இன்னும் வரவில்லை. யாரோ அவனை அறைந்துவிட்டு, அறைந்ததைச் சொல்லாமல் போன மாதிரி ஒரு முழிப்பு.

"இத்தனை நாள் நீ சொன்னப்போ எல்லாம்..." என்று ஆரம்பித்தான்.

"அப்புறம் பேசலாம். அவர் வர்றதுக்குள்ள வேலை இருக்கு."

*

திரையில் நிறுவு என்ற படத்தைத் தட்டினாள். மொழி கேட்டது. தமிழ். விசைப்பலகை கேட்டது. சொன்னாள். பிறகு முக்கியமான கேள்வி வந்தது: பழையதை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நிறுவவா, இல்லை டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா?

கணவன் தலையை நீட்டிப் படித்தான். பழக்கம் விடுமா? "பக்கத்துலன்னா ரெண்டும் இருக்குமே. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே?"

"ஓரமா இருந்து என்ன பண்ணும்? பார்த்துக்கிட்டே இருக்கும்."

அவன் தலையை இழுத்துக்கொண்டான்.

அவள் 'அழித்துவிட்டு நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தபோது வாசல் மணி அடித்தது.

மூத்தவர் சட்டையை மாட்டிக்கொண்டே காரில் ஏறியிருக்க வேண்டும். பொத்தான் ஒன்று தள்ளி மாட்டியிருந்தது. உள்ளே வந்ததும் தம்பியைப் பார்க்கவில்லை. நேராக மேசைக்கு வந்து திரையைப் பார்த்தார்.

"என்னம்மா பண்றே?"

"என் லேப்டாப்பை எனக்குத் திருப்பி எடுத்துக்கறேன், அத்தான்."

"இதைப் பாரு. நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. அச்சகத்து மெஷின் எல்லாத்துலயும் அந்த புரோகிராம் இருக்கு. பாதுகாப்புக்கு. நாளைக்கு எதாவது திருட்டுப் போச்சுன்னா யார் பொறுப்பு?"

"நான் அச்சகத்துல இல்லை. இது அச்சகத்து மெஷினும் இல்லை."

"குடும்பம்தானே? குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவுமறைவு? நான் என்ன அந்நியனா?"

"அப்படின்னா உங்க ஆபீஸ் ஸ்கிரீனை என் சமையலறையில மாட்டிவிடுங்க. குழம்பு கொதிக்கிற நேரத்துல நானும் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாத நேரத்தில் வந்ததால் இருமலாக மாற்றினான்.

மூத்தவர் குரலை உயர்த்தினார். "நான் என்ன தப்பாவா பார்த்தேன்? உன் வேலையைத்தானே பார்த்தேன்? நல்லதுக்கு யோசனைகூட சொன்னேன்!"

இளையவள் எழுந்தாள். அவள் உயரம் அவர் தோள் வரைதான். ஆனால் அவர்தான் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"ஒரு கோடு போடறேன். நல்லா இல்லை, அழிக்கிறேன். திரும்பப் போடறேன். அழுதுக்கிட்டே போட்டிருக்கேன், என்னை நானே திட்டிக்கிட்டும் போட்டிருக்கேன். முடிஞ்சதை ஊர் உலகமே பார்க்கட்டும், அதுக்குத்தான் வரையறேன். பாதி போட்ட கோட்டை நான் கூப்பிடாம யாரும் வந்து பார்க்கக் கூடாது. என் புருஷன்கூட பார்த்தது கிடையாது. நீங்க பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

மூத்தவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"அதுல என் அச்சகத்து டிசைன் எல்லாம் இருக்கு. அழிச்சீன்னா நஷ்ட ஈடு கேட்பேன்."

உறையை எடுத்து நீட்டினாள். "எல்லாம் இதுல இருக்கு. ஒண்ணுகூட விட்டுப்போகலை. எண்ணிப் பார்த்துக்கங்க."

அவர் வாங்கவில்லை. அவள் அதை மேசை விளிம்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். திரை கடைசியாக ஒரு முறை கேட்டது: மாற்றங்கள் எழுதப்படும், திரும்பப் பெற முடியாது, தொடரவா?

தொடர் என்பதைத் தட்டினாள்.

நீளமான பட்டை ஒன்று இடது ஓரத்திலிருந்து நகர ஆரம்பித்தது.

"நிறுத்து அதை" என்றார் மூத்தவர். "நிறுத்துன்னு சொல்றேன்ல?" சுற்றுமுற்றும் பார்த்தார். வயர் மேசையிலிருந்து இறங்கி, சுவரோரமாகப் போய், பிளக்கில் முடிந்ததைக் கண்டுபிடித்தார். இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்தது தெரியாமலா இருக்கும்? குனிந்து கையை நீட்டினார்.

நடுவில் ஒரு கால் வந்தது. துரு படிந்த பாதம்.

"அண்ணா, பிளக்கைத் தொடாதீங்க."

"தள்ளுடா."

"தொடாதீங்கன்னு சொன்னேன்."

அந்த வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. கத்தவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாராவது கை நீட்டினால் அவன் சொல்கிற குரல் அது. அதற்கு யாராக இருந்தாலும் கையை எடுத்துவிடுவார்கள். மூத்தவரும் எடுத்தார்.

"நீயுமா?"

"அவ சொன்னப்போ எல்லாம் உங்களுக்காக அவகிட்ட சண்டை போட்டேன். இன்னிக்குக் காலையிலகூட. என்னை முட்டாளாக்கிட்டீங்களேண்ணா."

"நாளைக்கு மெஷின்கிட்ட வராதே."

"சரி."

மூத்தவர் இதை எதிர்பார்க்கவில்லை. கெஞ்சல் வரும், குறைந்தது ஒரு 'என்னண்ணா இது' என்றாவது வரும் என்று கொஞ்சம் நின்றார். வரவில்லை.

திரை இப்போது பெயரைக் கேட்டது. இளையவள் தன் பெயரைப் போட்டாள். கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது. மூத்தவர் அதற்கு அச்சகத்தின் பெயரைத்தான் வைத்திருந்தார். அவள் ஆங்கில எழுத்தில் 'என்னுடையது' என்று அடித்தாள். அடுத்து, கடவுச்சொல்.

யாரும் சொல்லாமலேயே கணவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். திருப்பினதோடு, அண்ணனுக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் அகலமாக நின்றும் கொண்டான்.

அவன் முதுகைப் பார்த்தபடி அவள் கடவுச்சொல்லை அடித்தாள். சரிபார்க்க இன்னொரு தடவை அடிக்கச் சொன்னது. அடித்தாள்.

வாசல் கதவு பெரிய சத்தத்தோடு சாத்திக்கொண்டது. மேசை விளிம்பில் இருந்த உறையைக் காணோம்.

*

லேப்டாப் மறுபடி உயிர்பெற்று, அவளுடைய பெயரைச் சொல்லி வரவேற்றபோது, அவள் இரண்டு கையையும் மேசை மேல் பரப்பிக்கொண்டு பார்த்தாள். சாதாரணத் திரைதான். ஒரு மூலையில் கடிகாரம், ஒரு மூலையில் குப்பைத்தொட்டி. ஆனால் காலி வீட்டுக்குள் சாவியோடு நுழைந்த மாதிரி இருந்தது.

அதிக நேரம் ரசிக்க முடியவில்லை. ஃபோன் இணையத்தை மாட்டி வைஃபைக்கான நிரலை இறக்கினாள், வைஃபை வந்தது. இங்க்ஸ்கேப்பை நிறுவினாள். ஆமையைத் திறந்தாள்.

ஆமை நன்றாக வந்தது. அதன் மேல் இருந்த எழுத்துகள்தான் இடம் மாறி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பழைய எழுத்துரு இதில் இல்லை.

"போச்சா?" என்றான் கணவன்.

"எழுத்துதானே? வேற எழுத்துரு போடலாம். அந்தப் பழைய எழுத்து, ஆபீஸ் வாசல்ல தொங்கற போர்டு மாதிரி விறைப்பாதான் இருந்துச்சு."

கட்டற்ற எழுத்துருக்களில் உருண்டையாக, பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்தாள். பொத்தான்கள் எல்லாம் வேறு வேறு இடத்தில் இருந்தன. கை பழைய இடத்துக்கே போயிற்று. திட்டித் திட்டித் திருப்பிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு முறை ஆமையின் ஓடு மொத்தமாகக் காணாமல் போய், கடைசியில் அது ஆமையின் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருந்தது தெரிந்தது.

கணவன் ஒன்றும் கேட்காமல் டீ வைத்துக்கொண்டு வந்தான். திரை பக்கம் பார்க்காமலேயே டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"பாருங்க" என்றாள்.

"பார்க்கலாமா?"

"நான் கூப்பிடறேனே."

அவன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நீல ஆமை ஒன்று சுவர் ஓரமாக, அவசரமே இல்லாமல், முதுகில் ஒரு குட்டிக் கட்டுத்துணியோடு நடந்துகொண்டிருந்தது.

"நான் சின்ன வயசுல எக்ஸ்ரே எடுக்கப் போறப்போ இது இருந்திருந்தா அந்த அளவுக்கு அலறியிருக்க மாட்டேன்."

மருத்துவமனை ஆபீஸ் மூடுவதற்கு முன்னால் மாதிரி போய்ச் சேர்ந்தது. 'கிடைத்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறோம்' என்று இரண்டே வரி வந்தது. இளையவளுக்கு இன்றைக்கு அது போதுமாக இருந்தது.

வேலை முடிந்து நேராக இங்கேயே வந்த நாத்தனார், நடந்ததைக் கேட்டுவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்தாள். "பிளக்கைத் தொடாதீங்கன்னு சின்ன அண்ணனா சொன்னார்? நான் போய் அங்க புத்தகம் அடுக்கிக்கிட்டு இருந்தேனே! மறுபடி ஒரு தடவை சொல்லுங்கண்ணா, நான் ஃபோன்ல எடுத்துக்கறேன்."

"போடி. நாளையிலேர்ந்து எனக்கு வேலை இல்லை. அதைப் பத்தி யோசி" என்றான் அவன். சொல்லிவிட்டுக் குழாயை எடுத்து மாட்டப் போனான். இந்தத் தடவை அது பேச்சைக் கேட்டது.

இருட்டத் தொடங்கியபோது மணி அடித்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவளே போய்க் கதவைத் திறந்தாள்.

மூத்தவரின் மனைவி நின்றிருந்தாள். தனியாக இந்த வீட்டுக்கு அவள் வந்ததே இல்லை. எப்போதும் கணவருக்கு ஓரடி பின்னால் வருவாள், அவர் கிளம்பும்போது கிளம்புவாள். இன்று நடந்தே வந்திருக்கிறாள்; மூச்சு வாங்கியது. மார்போடு ஒரு துணிப்பையை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"உள்ள வாங்கக்கா. அத்தான் அனுப்பினாரா?"

"நான் வந்தது அவருக்குத் தெரியாது. என் ஃபோனை வீட்டிலேயே வெச்சுட்டு வந்திருக்கேன். வேணும்னுதான் வெச்சுட்டு வந்தேன்."

உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினாள். பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேசை மேல் வைத்தாள். அதன் மூடியில் அதே அச்சகத்தின் சின்னம்.

"எங்க அம்மாகிட்ட நான் என்ன பேசினேன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். என் அக்கா எனக்கு என்ன எழுதினாங்கன்னு நான் படிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். மனுஷனுக்கு என் மேல அக்கறைன்னு இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." அவள் இளையவளின் கையைப் பிடித்தாள். "உன்னை மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருக்கார்னு நினைச்சியா?"